நகராத சென்டர்

மே மாதத்து மதியம் மூன்று மணிக்கு, கிறிஸ்துதாஸை வெறுங்காலோடு சிமெண்ட் தரையில் நிற்கவைத்துவிட்டு நான் மைக்கில் பேசிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். மைக் கையில் இருக்கும்போது நான் கடிகாரம் பார்ப்பதில்லை, கேட்பவர்கள்தான் பார்ப்பார்கள்.

கச்சிராயபாளையத்தில் எங்கள் கூடைப்பந்துப் போட்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. பழைய ஆட்டக்காரர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் களத்தில் இறங்கி, முதல் பந்தைக் கூடையில் போட வேண்டும். அதன்பிறகுதான் ஆட்டம். இந்த வருடம் கிறிஸ்துதாஸ். ஆறடி மூன்றங்குலம். முப்பது வருடத்துக்கு முன்னால் அவன் கூடைக்குக் கீழே நின்றால் எதிரணி தூரத்திலிருந்தே எறிந்துவிட்டுச் சாமி கும்பிடும். பக்கத்தில், அதே கூடைக்கடியில் நின்று ஆடும் இந்தக் காலத்து சென்டர், இளவரசன். கல்வராயன் மலையில் கரியாலூர்ப் பையன், ஆறடி ஏழங்குலம், காலில் ஷூ.

இரண்டு காலத்து சென்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் என் வாய் சும்மா இருக்குமா?

"அமெரிக்காவுல சேம்பர்லின் ஒரே ஆட்டத்துல நூறு பாயிண்ட் போட்டாரு," என்று ஆரம்பித்தேன். "யாரை எதிர்த்துப் போட்டாருன்னு இப்பத்திப் பசங்க கேக்கறாங்க. நாயமான கேள்வி. நம்ம கிறிஸ்துதாஸ் நாப்பது போட்டாரே, யாரை எதிர்த்து? ரிஷிவந்தியம் டீம் சென்டரை எதிர்த்து. யாரு அந்த சென்டர்? அஞ்சடி எட்டங்குலத்துல, நான்தாங்க."

கூட்டம் சிரித்தது. சிரித்துவிட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது. மரியாதைக்குத் தானும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பொன்னாடையோடு களத்தில் நின்ற கமிட்டிக்காரர் வெறுங்காலை மாற்றி மாற்றித் துள்ளிக்கொண்டிருந்தார். கிறிஸ்துதாஸ் பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அசையாமல் நின்றான்.

"நவுர்றாரா பாருங்க. அதான் அந்தக் காலத்து சென்டர்," என்றேன். கைதட்டல்.

அவனுக்குச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி போய் இரண்டு வருடமாகிறது. அது எனக்குத் தெரியும். மைக்கைப் பிடித்தால் தெரிந்ததெல்லாம் மறந்துவிடும்.

அன்று சாயங்காலம் அவன் மனைவி இசபெல்லா பாதத்தைத் திருப்பிப் பார்த்தபோது அடியெல்லாம் கொப்புளம். பிறகு புண். பிறகு கள்ளக்குறிச்சியில் ஆஸ்பத்திரி. விரல்கள் கறுத்த பிறகு டாக்டர்கள் நாள் குறித்துவிட்டார்கள்: வியாழக்கிழமை, முட்டிக்குக் கீழே எடுத்துவிடுவது.

நான் தினமும் போனேன். போய் என்ன செய்வது? ஒருநாள் சப்போட்டா வாங்கிக்கொண்டு போய் நர்ஸம்மாவிடம் திட்டு வாங்கினேன். அந்தத் திட்டு கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. வேறு யாரும் என்னைத் திட்டுவதாக இல்லை.

"என்னாலதாம்மா," என்றேன் இசபெல்லாவிடம்.

"அய்ய, அப்பிடிலாம் சொல்லாதீங்கண்ணே. சுகர் பண்ண வேல. வூட்ல செருப்பு போட்டுக்கினு நடங்கன்னு சொன்னா கேக்கறவரா அவரு? நீங்க இன்னா பண்ணுவீங்க."

டாக்டரைக் கேட்டேன். "பல காரணம் சேந்து வர்றதுங்க இது," என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

மலையிலிருந்து பஸ் பிடித்து வந்த இளவரசன், வாசலில் குனிந்து உள்ளே நுழைந்தான். அவனையும் கேட்காமல் விடவில்லை. "வெயிலு ஜாஸ்திங்கண்ணா அன்னிக்கு," என்றான். வெயிலை எங்கே போய்ச் சட்டையைப் பிடிப்பது?

புதன்கிழமை கட்டிலோரம் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த ஒரே மருந்தை எடுத்தேன்.

"தாஸு, நல்லா யோசிச்சுப் பாத்துட்டேன். நீதான் பெரிய சென்டர். இளவரசனுக்கு ஷூ இருக்கு, கோச் இருக்காரு, முட்ட இருக்கு. நீ கூழக் குடிச்சிட்டு..."

"நான் கூழு குடிச்சேன்னு எவன் சொன்னது? எங்கப்பா வாத்தியாரு. தெனம் ரெண்டு முட்ட எனக்கு."

"சரி, ரெண்டு முட்ட. இருந்தாலும்..."

"அவன்தான்டா பெரிய ஆளு. அவன் மேல மோதறவன்லாம் ஆறரை அடி. என் மேல மோதுனது நீ." சிரித்தான். "உன் தல என் நெஞ்சுல இடிக்கும். எண்ண வாசன தாங்காது."

நானும் சிரித்தேன். போர்வை மூடியிருந்த காலைப் பார்க்காமல் இருக்க ஃபேனைப் பார்த்தேன். அது சுற்றவில்லை.

"அன்னிக்குப் பந்தப் போட்டுட்டு வெளிய போயிருக்கலாம்ல?"

"நீ பேசிக்கினு இருந்த. எல்லாரும் என்னயே பாத்துக்கினு இருந்தாங்க." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டான். "அந்தப் பொன்னாடக்காரு துள்ளறதப் பாத்தேன் துரை. இவரு ஏன் துள்றாருன்னு யோசிச்சேன். அதுக்குள்ள நீ என் நாப்பது பாயிண்டச் சொன்ன."

இசபெல்லா டம்ளர்களை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.

"தாஸு, என்னாலதான?"

சுகர் என்பான், கர்த்தர் என்பான், விடுடா என்பான் என்று காத்திருந்தேன். அவன் என் முகத்தைப் பார்த்தான்.

"ஆமா," என்றான்.