வடிவம்மாள் போட்ட அம்புக்குறி

"அத்தைன்னும் பாக்க மாட்டேன்! என் அம்புக்குறியை அழிச்சிட்டு நீங்க எதுக்கு வரைஞ்சிய?" என்று இசக்கிதுரை கத்திய கத்தலில், சட்டியில் பஜ்ஜி கருகுவதைக்கூட வடிவம்மாள் கவனிக்கவில்லை.

"ஏலே, யாருலே வரைஞ்சது? வேலை பாக்கத் துப்பில்ல, என் கடையில வந்து சத்தம் போடுதான்!"

குற்றாலத்தில் சீசன் நேரத்தில் இப்படியொரு சண்டையைக் காசில்லாமல் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். அடுத்த கடையில் ரம்புட்டான் விற்கும் எனக்கு அன்று வியாபாரம் ஓடவில்லை. வருத்தமும் இல்லை.

மலையில் பார்வைப்பாறை என்று ஓர் இடம். அங்கே நின்றால் பள்ளத்தாக்கு மொத்தமும் காலடியில் கிடக்கும். அந்த நடைபாதைக்கு இசக்கிதுரைதான் காவலாள். வேலை நிரந்தரமாகும் என்று பாதைக் குழுத் தலைவர் நெல்லையப்பன் சொன்ன பிறகுதான் வடிவம்மாள் தன் மகள் நிர்மலாதேவியை அவனுக்குப் பேசி முடித்தாள். பாறையிலிருந்து இறங்கும்போது பாதை மூன்றாகப் பிரியும். இடப்பக்கம் பேருந்து நிறுத்தம், வலப்பக்கம் வடிவம்மாள் கடை, நேரே போனால் ஓடை. இசக்கிதுரையின் சுண்ணாம்பு அம்பு இடப்பக்கம் காட்டியது. வருங்கால மாமியாருக்கு அதில் தீராத ஆத்திரம்.

அன்று காலை கடையநல்லூர் சேக் தாவூது, மனைவி மாஜிதாவோடும் இரண்டு பிள்ளைகளோடும் இறங்கி வந்தவர், நேரே ஓடைக்குள் போய்விட்டார். மேல்மலையில் மழை. தண்ணீர் ஏறி, நால்வரும் நடுப்பாறையில் இரண்டு மணி நேரம் கட்டிப்பிடித்து நின்றார்கள். கயிறு போட்டுக் கரையேற்றிய இசக்கிதுரை, பாதை பிரியும் இடத்துக்குப் போய்ப் பார்த்தால், குரங்குகள் பாறையை நக்கிக்கொண்டிருக்கின்றன.

"அரிசிமாவு! வாசல்ல மாக்கோலம் போடுத மாதிரி போட்டிருக்கிய. நேராப் போயி உங்க கடைப்பக்கம் வளையுத அம்பு. வளைவைக் குரங்கு நக்கிட்டு. மிச்சம் நேர்கோடு, ஓடைக்கு!"

"எந்தக் குரங்குலே உங்கிட்ட சாட்சி சொல்லிச்சு?"

கடைக்குள் நின்ற நிர்மலாதேவி கரண்டியைப் போட்டு உடைக்காத குறையாக வைத்தாள். "ஏழு மணிக்கு மாவுச் சட்டியைத் தூக்கிக்கிட்டு எங்கன போன? கேட்டதுக்கு சுள்ளி பொறுக்கன்னு சொன்னல்லா?"

"ஏட்டி, நீ யாரு பக்கம்?"

நெல்லையப்பன் வந்து சேர்ந்தார்.

"ஆறு மணிக்குப் பாத்தேன் அண்ணாச்சி, குறி சரியா இருந்திச்சு" என்றான் இசக்கிதுரை.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. வரைஞ்சவ தன் வாயால ஒத்துக்கிட்டா அவ கடையை எடுத்திருவேன். இல்லேன்னா உன் வேலை போச்சு."

எல்லோரும் வடிவம்மாளைப் பார்த்தோம். அவள் கருகிய பஜ்ஜியை ஒன்றொன்றாக எடுத்துத் தட்டில் அடுக்கினாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது, அண்ணாச்சி."

இசக்கிதுரை விசிலைக் கழுத்திலிருந்து பிடுங்கிக் கொதிக்கிற எண்ணெயில் எறிந்தான்.

ஏழு மணிக்கு அவள் சட்டியோடு மலையேறியதை நானும் பார்த்தேன். என்னை யாரும் கேட்கவில்லை.

ஆவணியிலேயே இசக்கிதுரைக்கும் நிர்மலாதேவிக்கும் கல்யாணம் நடந்தது, சிவகிரியில், மாப்பிள்ளை வீட்டுக் கோயிலில். வடிவம்மாளுக்குப் பத்திரிகைகூட வரவில்லை. இருவரும் பாவூர்சத்திரத்துக்குக் குடிபோய்விட்டார்கள். அவன் சந்தைக்கு டெம்போ ஓட்டுகிறான். இந்தப் பக்கம் சவாரி வந்தால் வேறு ஆளை அனுப்பிவிடுகிறானாம்.