கண்ணாடி ஓரத்துச் சின்ன ஸ்பீக்கர்

கார் ஸ்பீக்கர் மாட்டுகிற அவருக்கு ஊரில் பாம்புக்காது என்று பெயர். கார் வாசலில் வந்து நிற்பதற்குள் எந்தக் கதவில் ஸ்பீக்கர் கிழிந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாராம். இதில் பாதி உண்மை, மீதி அவரே கிளப்பிவிட்டது. அந்தப் பாதியே கடை ஓடப் போதுமானதாக இருந்தது.

அந்தக் காது ஒரு வருடமாக அவரைக் கைவிட்டுக்கொண்டிருந்தது. முதலில் போனது கீச்சென்ற மெல்லிய சத்தங்கள்தான். சாவிக்கொத்து கீழே விழுந்தால் கேட்பதில்லை. யாராவது பேசினால் பாதி காதில் விழும், மீதியை உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொள்வார். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. பல்லு போனால் சொல்லு போச்சு என்பார்கள். காது போனால் இவருக்குக் கடையே போச்சு. காது கேட்காதவனிடம் யார் காரைக் கொண்டுவந்து விடுவார்கள்? அதனால் விரல்களை நம்ப ஆரம்பித்தார். ஸ்பீக்கர் காகிதத்தின் மேல் மூன்று விரலை லேசாக வைத்தால் போதும், கிழிசலோ தளர்ச்சியோ இருந்தால் அதிர்விலேயே தெரிந்துவிடும். ஒரு வருடம் அப்படித்தான் ஒப்பேற்றினார்.

ஒரு நாள், வாடிக்கையாளரான ஒரு டீச்சர் காரோடு திரும்பி வந்தார்.

"போன வாரம்தானே சார் புதுசா மாட்டினீங்க? கரகரன்னு ஒரே இரைச்சல். காதுக்குள்ள மணலைப் போட்டுத் தேய்க்கிற மாதிரி இருக்கு."

"பாட்டே அப்படிப் பதிவாகியிருக்கும் டீச்சர்."

"எல்லாப் பாட்டுமா? செய்தி வாசிக்கிறவங்களுமா சார் கரகரன்னு வாசிப்பாங்க?"

பின்னால் நின்ற மச்சினன் வாயைப் பொத்திக்கொண்டான். மனைவியின் தம்பி, மீசை முளைத்த நாளிலிருந்து இந்தக் கடையில்தான் இருக்கிறான். இப்படி ஒரு சாக்கை அவன் சொல்லியிருந்தால், "ஆடத் தெரியாதவ தெரு கோணல்னாளாம்" என்று அவர்தான் முதலில் பாய்ந்திருப்பார். "உனக்கு இருக்கிறது காதா, பென்சில் சொருகுற இடமா?" என்பது அவனுக்கு அவர் தினமும் தருகிற அர்ச்சனை. அவனும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வான்.

அவர் கதவின் உள்பலகையைக் கழற்றினார். திருகாணிகளை முறுக்கிவிட்டு, "இப்போ எப்படி டீச்சர்?" என்றார். அப்படியேதான் இருந்தது. பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறதா என்று பார்த்தார். ஜன்னல் கண்ணாடி இறங்கும்போது காந்தத்தில் உரசுகிறதா என்று பார்த்தார். ஒவ்வொரு தடவையும் சும்மா மரியாதைக்குக் கேட்பதுபோல, "இப்போ?" என்றார். டீ குடித்துக்கொண்டிருந்த மச்சினன் கிளாஸைக் கீழே வைத்தான். மாமா வாடிக்கையாளரிடம் கேட்டு அவன் பார்த்ததே இல்லை. அவர் சொல்வார், அவர்கள் கேட்டுக்கொள்வார்கள். அதுதான் இந்தக் கடையின் வழக்கம்.

கடைசியில் கதவுக் கீல் பக்கத்து ரப்பர் குழாய்க்குள் ஒயரின் தோல் உரிந்திருப்பது தெரிந்தது. போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு. டேப் சுற்றினார், பாட்டைப் போட்டார், மண்டியிட்டு மூன்று விரலை வைத்தார். அதிர்வு வெண்ணெயாக இருந்தது.

"சுத்தமா போயிடுச்சு பாருங்க," என்றார் தலையை நிமிர்த்தி.

டீச்சர் அவரைப் பார்க்கவில்லை, மச்சினனைப் பார்த்தார். அவன் குனிந்து, பக்கக் கண்ணாடி ஓரத்து முக்கோணத்தில் இருந்த சின்ன ஸ்பீக்கரை உள்ளங்கையால் அழுத்தி மூடினான்.

"ஆ, இப்போ நின்னுடுச்சு!" என்றார் டீச்சர். அவன் கையை எடுத்தான். "திரும்ப வந்துடுச்சு."

மெல்லிய சத்தங்களை மட்டும் பாடுகிற அந்தச் சின்ன ஸ்பீக்கர் அவர் காதிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அவருக்கு எதுவும் கேட்கவில்லை. ஒரு வருடமாகவே எந்தக் காரின் சின்ன ஸ்பீக்கரும் அவரிடம் பேசியதில்லை, அதனால் கோளாறு அங்கே இருக்கலாம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. போன வாரம் பழையதைக் கழற்றும்போது அதன் ஒயரில் இருந்த கெப்பாசிட்டரும் சேர்ந்து வந்துவிட்டது. தடித்த சத்தம் சின்னதற்குள் போகாமல் தடுக்கிற பொருள் அது. அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் காதுக்கு ஒன்றுதான். புதியதில் அதை வைக்காமலே மூடிவிட்டார். அவமானத்தில் அவருக்கு முகம் எரிந்தது.

மச்சினன் அவர் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு தன் தலையில் தானே அடித்துக்கொண்டான். "என் வேலைதான் டீச்சர். மாமா பெரிசை மட்டும்தான் மாட்டினாரு. சின்னது நான் மாட்டினது. கெப்பாசிட்டர் வைக்க மறந்துட்டேன்."

"இவர்கிட்ட வேலை கத்துக்கிட்டுமா இப்படி?" என்று டீச்சர் சலித்துக்கொண்டார். மச்சினன் தலையைச் சொறிந்து வழக்கம்போலச் சிரித்தான். இத்தனை வருடம் அவனைத் திட்டியபோதெல்லாம் வலிக்காதது இப்போது அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது அவருக்கு வலித்தது.

டீச்சர் பக்கத்துக் கடைக்குப் போனதும் அவன் கெப்பாசிட்டரைப் பற்றவைத்தான். நல்லவேளை, ஸ்பீக்கர் கருகவில்லை.

"எப்போலேருந்துடா தெரியும்?"

"தெரியாது மாமா. இப்பதான்." அவர் உதட்டைப் படிக்கட்டும் என்று அவன் நேராகத் திரும்பிச் சொன்னான்.

"உங்கக்காவுக்கு?"

அவன் இல்லையென்று தலையாட்டினான். தெரியாது.

"பெரிசு ரெண்டையும் கழட்டிவிடு மாப்ளே. சின்னது மட்டும் பாடட்டும்."

"எதுக்கு மாமா இப்போ?"

"சொன்னதைச் செய்."

இருவரும் உள்ளே உட்கார்ந்து கதவை அடைத்தார்கள். மச்சினன் பாட்டைப் போட்டான். கார் செட்டின் திரையில் பாட்டின் நேரம் ஓட ஆரம்பித்தது. அவர் அந்த மூலையில் காதை ஒட்டினார். ஏதாவது ஒரு நுனியாவது வந்து விழாதா என்று மூச்சை அடக்கிக் காத்திருந்தார். வரவில்லை. திரும்பிப் பார்த்தபோது மச்சினனின் கால் தன்னையறியாமல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அவர் பார்ப்பதைக் கண்டதும் அவன் சட்டென்று காலை இழுத்துக்கொண்டான்.

"ஏன்டா நிறுத்தினே? போடு. எந்த இடம் போகுதுன்னு நான் உன் காலைப் பார்த்துத் தெரிஞ்சுக்கறேன்."

அவன் மறுபடி தட்டினான். அவர் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். தாளம் மெதுவானது, கொஞ்ச நேரத்தில் தடுமாறியது, பிறகு நின்றது.

"முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டார்.

செட்டைப் பார்த்தார். நேரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மச்சினன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தியிருந்தான், அவன் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன.