கடைசியில் பேசுபவருக்கு இரண்டு முறை

பல் டாக்டர் என் விளையாட்டைத் தன் பெயரில் புத்தகமாகப் போட்டிருப்பதை லாரி டிரைவர்தான் கண்டுபிடித்தார். அட்டையில் மூழ்கிய கப்பல், அதற்குக் கீழே டாக்டரின் பெயர். உள்ளே நாற்பது பக்கமும் என் விதிகள்தான்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசியே ஆடும் விளையாட்டு அது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். ஆபத்து வந்தால் பகடை முடிவு செய்யும். நான், என் தங்கச்சி, டிரைவர், ஒரு டீச்சர், டாக்டர் என்று நாங்கள் ஐந்து பேரும் ஐந்து ஊரில் இருப்பதால் எங்கள் மேசை கணினித் திரைதான். ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குக் கூடுவோம். கப்பலுக்குள் காற்று தீர்வதற்குள் வெளியே வரவேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். அந்த 'அவ்வளவுதான்' சரியாக வர ஒன்றரை வருடம் பிடித்தது. கிடங்கில் பார்த்த இரவு வேலையை விட்டுவிட்டு விதிகளைப் பதினான்கு முறை மாற்றி எழுதினேன். எந்த இடத்தில் டிரைவர் கொட்டாவி விடுகிறார், எந்த இடத்தில் டீச்சர் சண்டைக்கு வருகிறார் என்று வாரா வாரம் குறித்து வைத்தேன். பாதியில் வந்து சேர்ந்த டாக்டர் விளையாடினார். நன்றாகவே விளையாடினார்.

அந்த ஞாயிறு ஆட்டத்தைத் தொடங்காமல் நேராகக் கேட்டேன். மனிதர் அசரவில்லை. எல்லோரும் சேர்ந்து விளையாடி உருவானதுதானே, யார் எழுதினால் என்ன என்றார். விதிகளுக்கெல்லாம் விளக்கம் சேர்த்து மெருகேற்றியது தான்தானாம். வேண்டுமானால் நன்றிப் பட்டியலில் என்னையும் போடலாமாம், அவருடைய நாய்க்கு அடுத்தபடியாக.

கோபத்தை அடக்கிக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டேன்.

"காத்து தீரும்போது கடைசியா பேசுறவங்க பகடையை ரெண்டு தடவை உருட்டலாம். அந்த விதி எதுக்கு டாக்டர்?"

"பொறுமைக்குப் பரிசு தம்பி. பதறாதவன்தான் பிழைப்பான். பன்னிரண்டாம் பக்கத்துல விரிவா எழுதியிருக்கேன்."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பில் தோள் குலுங்கியது. பிறகு, வழக்கம்போல் மூன்று நொடி தாமதமாக, என் தங்கச்சியின் குரல் வந்து சேர்ந்தது.

"அது என் நெட்டுக்காக வச்ச விதி டாக்டர். நான் பேசுறது வர்றதுக்குள்ள எல்லாரும் தப்பிச்சுப் போயிடுவாங்க. நாலு தடவை செத்தேன். அப்புறம்தான் அண்ணன் அதை எழுதினான்."

டாக்டர் தண்ணீர் குடித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அப்போ அடுத்த பதிப்புல அதை எடுத்துடலாமா?"

"எதை எடுக்கணும்னுகூட அவன்கிட்டதான் கேக்குறீங்க," என்றார் டிரைவர். "அப்புறம் யார் எழுதினா என்னங்குறீங்க."

திரையில் டாக்டரின் சதுரம் இருண்டது. அதன்பின் அவர் வரவில்லை. புத்தகத்தையும் திரும்பப் பெறவில்லை, பெயரையும் மாற்றவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவரிடமிருந்து செய்தி வந்தது. வேறொரு குழுவுக்கு ஆட்டத்தை நடத்துகிறாராம். எல்லோருக்கும் நல்ல இணைப்பு. காற்று தீரும் கட்டம் வந்ததும் அந்த இரண்டாவது உருட்டலுக்கு ஆசைப்பட்டு, யார் கடைசியில் பேசுவது என்று நான்கு பேரும் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்களாம். ஆட்டம் நகரவே மாட்டேன் என்கிறதாம். என்ன செய்யலாம் தம்பி என்று கேட்டிருந்தார்.

ஒரு வரி மாற்றினால் போதும். அது எந்த வரி என்று எனக்குத் தெரியும். அட்டையில் என் பெயர் வரட்டும், சொல்கிறேன்.