கைபேசியைத் தொட வேண்டாம்

அந்த அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வைத்தவன் தாடிக்காரன். அவன் நிரல் எழுதுகிறவன், அவள் அதில் ஓட்டை கண்டுபிடிக்கிறவள். நொட்டை சொல்வதற்கும் ஒரு சம்பளமா என்று அவன் அவ்வப்போது பொருமுவான். அவள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள்.

அவர்கள் செய்துகொண்டிருந்தது ஒரு கைபேசிச் செயலி. தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. அதைச் சுவரில் ஒட்டினால் அறையின் சூட்டையும் ஈரத்தையும் கம்பியில்லாமல் கைபேசிக்குச் சொல்லும். கருவிக்குள் இருக்கும் மென்பொருளைப் புதுப்பிப்பதும் கைபேசி வழியாகத்தான். விற்பனைக்குப் போகும் முன் இருபது வெளியாட்களிடம் கொடுத்துப் பயன்படுத்திப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள்.

பிழைப் பட்டியலில் 'யாரால்' என்று ஒரு கட்டம் உண்டு. அதைச் சேர்க்க வைத்தவளே அவள்தான். நான்கு வருடத்தில் மேலாளர் உட்பட எல்லார் பெயரும் அதில் ஏறிவிட்டது, அவள் பெயரைத் தவிர. அதில் அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

பத்தொன்பது பேருக்கு எல்லாம் ஒழுங்காக ஓடியது. இருபதாவது ஆள் ஒரு ரொட்டிக் கடைக்காரர். அவரிடம் மட்டும் புதுப்பிப்பு தொடங்கிய வேகத்தில் நின்றுவிடும். கருவியை மாற்றினார்கள், கைபேசியை மாற்றினார்கள், நான்கு முறையும் அதே கதைதான். நடுவில் என்ன ஆயிற்று என்று கேட்க அவள் போன் செய்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகக் குரல் சொல்லும். அரை மணி கழித்து அவரே கூப்பிட்டு, நின்றுவிட்டது என்று சாவகாசமாகச் சொல்வார்.

அவள் தாடிக்காரன் பெயரை எழுதிவிட்டாள். தன் நிரலில் தப்பிருந்தால் தாடியை எடுத்துவிடுவதாக அவன் சபதம் போட்டான். அந்த முகத்தைத் தாடியில்லாமல் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில் அவள் மறுநாளே கடைக்குக் கிளம்பினாள்.

கடையின் பின்கட்டில் அடுப்பு அனல் முகத்தில் அடித்தது. மாவு உப்ப வைக்கும் அறையின் கதவுக்கு மேல் கருவி பச்சையாக மினுக்கியது. கடைக்காரர் முழங்கை வரை இருந்த மாவைக் கழுவினார், கண்ணாடியை மாட்டினார், பொத்தானை அழுத்தினார். திரையில் வந்த சிவப்பு எழுத்தை ஒரு வார்த்தை விடாமல் வாய்விட்டுப் படித்தார். பிறகு கைபேசியை அலமாரியில் இருந்த பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, மூடியை அழுத்தி மூடிவிட்டு, மாவு பிசையப் போய்விட்டார்.

"அண்ணே, போனை ஏன் டின்ல போட்டீங்க?"

"நீங்கதானேம்மா, முடியற வரைக்கும் தொட வேண்டாம்னு போட்டிருக்கீங்க. இங்க ஆறு பேர் வேலை பார்க்கறாங்க. வெளியில கிடந்தா எவனாவது தொட்டுடுவான்."

அவளுக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. தகர டின்னுக்குள் அடைத்த கைபேசி கருவியோடு எப்படிப் பேசும்? அந்த வாக்கியமே வேண்டாம் என்று தாடிக்காரன் இரண்டு நாள் மல்லுக்கட்டியிருந்தான். வேண்டும், பெரிதாக, சிவப்பில் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் அவள்.

"என் மேலதான் தப்பாம்மா?" என்று கடைக்காரர் கலக்கத்தோடு கேட்டார்.

"உங்க மேல இல்லண்ணே."

"அப்ப யார் மேல?"

அவள் ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

பேருந்தில் உட்கார்ந்ததும் மனம் கணக்குப் போட்டது. வாக்கியத்தைச் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம். கைபேசிக் கோளாறு என்று எழுதிப் பட்டியலில் மூடிவிடலாம். யார் டின்னைத் தேடிப் போகப் போகிறார்கள்? ஆனால் சொன்னதை அப்படியே செய்த அந்த மனிதர் தன் மேல் தப்போ என்று கலங்கிய முகம் நிறுத்தத்துக்கு நிறுத்தம் கூடவே வந்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அலுவலகம் வந்ததும் தாடிக்காரன் பெயரை அழித்தாள். அங்கே தன் பெயரை எழுதினாள். 'தொடக் கூடாதென்று பயனர் கைபேசியை டின்னில் மூடி வைத்தார். சொன்னபடிதான் செய்தார். சொன்னது தவறு' என்று காரணம் எழுதி அனுப்பிவிட்டு, ஊரே சிரிக்கட்டும் என்று ரொட்டியைப் பிய்த்துத் தின்றாள்.

பத்தே நிமிடத்தில் அது திரும்பி வந்தது. அடியில் தாடிக்காரன் எழுதியிருந்தான்: 'விவரம் போதாது. டின்னின் அளவு என்ன? மூடி இல்லாமலும் நிற்கிறதா? படம் எங்கே? திருப்பி அனுப்பப்படுகிறது.'

டின்னையும் மூடியையும் தவிர அத்தனையும் நான்கு வருடமாக அவள் அவனுக்கு எழுதிய வாசகங்கள், எழுத்துக்கூட மாறவில்லை. எட்டிப் பார்த்தாள். அவன் தாடியைத் தடவிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவன் போல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள்.

மறுநாள் காலை கடை திறக்கும்போதே போய் நின்றாள். மூடி போட்டால் நின்றது, மூடி இல்லாவிட்டால் ஓடியது. டின்னைப் படம் எடுத்து, அளவும் குறித்து, எல்லாவற்றையும் தன் பெயருக்கு நேரே எழுதினாள். பிறகு மாவு பிசைந்துகொண்டிருந்தவரிடம் போய் நின்றாள்.

"நேத்து யார் மேல தப்புன்னு கேட்டீங்களே அண்ணே, என் மேலதான்."