இரண்டு பவுண்டு விசை

ஆர்லன் ஹாகன் தம் கைத்துப்பாக்கியின் விசையைத் தாமே இராவி மெருகேற்றியதன் விளைவாக, செப்டம்பர் மாதத்து முதற் செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்குச் சமையலறைத் தரையிலிருந்து ஒரு சாண் மேலெழும்பினார். வயோமிங் மாநிலத்துப் பிக்கெட் க்ரீக்கில் அன்று காற்று மேற்கிலிருந்து வீசியது. வைக்கோற்கட்டு சென்ற வாரத்து விலைக்கே விற்றது.

அதற்கு முந்திய ஆறாண்டுகளும் ஊர்த் துப்பாக்கிச்சுடும் போட்டியான இலையுதிர்காலக் கோப்பையில் அவருக்கு இரண்டாமிடமே கிட்டியது. விசை நறநறவென்று நகர்வதே காரணம் என்பது அவர் துணிபு. தீவனக் கடைக்குப் பின்னால் வெர்னா கிட்ரிச் அம்மையாரின் பட்டறை இருந்தது. ஊரிலுள்ள துப்பாக்கிகள் யாவும் அங்கே பழுது பார்க்கப்பட்டவை, ஆர்லனுடையதைத் தவிர. அவ்வம்மையாரை மணந்துகொள்ள வேண்டுமென்பது அவருடைய ஆறாண்டு ஆசை. தன் விசையைத் தானே சீர்செய்யத் தெரியாதவன் எந்த முகத்தோடு அங்குப் போய்ப் பெண் கேட்பது என்று அவர் கருதினார்.

“பல்லு வலிச்சா நீயே புடுங்கிக்குவியா? கொண்டுபோய் அவகிட்ட குடுப்பா,” என்றார் சுடுகள மேற்பார்வையாளர் டுவெயின்.

“பல்லு வேற, விசை வேற.”

“ஆமா. பல்லு போனா சூப்பு குடிச்சுக்கலாம்.”

ஆர்லன் சாப்பாட்டு மேசையில் அரத்தை எடுத்துக்கொண்டு அமர்ந்தார். ஆறு பவுண்டு அழுத்தத்திற்கு அசைந்த விசை, மூன்றாம் நாள் நான்கிற்கும், ஆறாம் நாள் இரண்டிற்கும் அசைந்தது. போட்டி விதிப்படி விசை இரண்டு பவுண்டுக்குக் குறையக் கூடாது. அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் விரலுக்கு அது வெண்ணெய்போல் இனித்தது. ஒன்று, அரை, கால் என்று குறைந்து, பத்தாம் நாள் விசை பூச்சியத்தையும் கடந்தது. அன்று கையிலிருந்து எகிறிய சுருள்வில் ஒன்று தரையில் விழாமல் விளக்கைச் சுற்றத் தொடங்கியது. மறுநாள் வெற்றுத் துப்பாக்கி கூரையில் போய் ஒட்டிக்கொண்டது. அதே மேசையில் இராவல்தூளோடு ரொட்டி தின்றுவந்த ஆர்லனும் அதைத் தொடர்ந்தார்.

வியாழனன்று முழங்கால் உயரம். வெள்ளியன்று வேலியைப் பிடித்துக்கொண்டுதான் தெருவில் போக முடிந்தது. சட்டைப்பையில் இட்ட கற்கள் நண்பகலுக்குள் இலேசாகிவிட்டன. மறுநாள் போட்டி முடிவதற்குள் ஆள் ஊர் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியையும் தாண்டிவிடுவார் என்று மதிப்பிட்ட டுவெயின், கன்று கட்டும் கயிற்றால் அவரையும் துப்பாக்கியையும் கட்டிப் பட்டறைக்கு இழுத்துச் சென்றார்.

வெர்னா முதலில் துப்பாக்கியைப் பார்த்தார். பிறகு ஆளைப் பார்த்தார்.

“யாரு இராவுனது?”

“நான்தான்.”

“எங்க நிறுத்தணும்னு தெரியலையா?”

“தெரிஞ்சுது. மனசு வரல.”

“ஆறு வருஷமா என் பட்டறைக்குள்ள காலு வைக்காத ஒரே ஆளு நீதான், ஆர்லன். என் வேலை உனக்குப் பிடிக்கலைன்னு நெனச்சேன்.”

“இப்பவும் காலு வைக்கலையே,” என்றார் டுவெயின், கயிற்றைப் பிடித்தபடி.

“கையாலாகாதவன்னு நெனச்சுடுவியோன்னுதான் வரல, வெர்னா.”

“கையாலாகாதவங்க வரலைன்னா நான் கடைய மூடிட்டுப் போக வேண்டியதுதான்.”

நாற்பது நிமிடங்களில், புது உறுப்புகள் பூட்டப்பட்டு, விசை சரியாக இரண்டு பவுண்டில் நின்றது. மனிதனுக்கு உதிரிபாகம் கிடையாதென்று கூறிய அம்மையார், போட்டிக்குரிய சோதனை எடைக்கட்டியை அலமாரியிலிருந்து எடுத்து ஆர்லனின் இடுப்பில் மாட்டினார். முறையாக முத்திரையிடப்பட்டதாகையால் அது யாரிடம் தொங்கினாலும் இரண்டு பவுண்டிலிருந்து குறைவதில்லை. ஆர்லன் மெல்லத் தரைக்கு வந்தார்.

போட்டியில் ஒவ்வொருவரும் வெற்றுத் துப்பாக்கியின் விசையில் அக்கட்டியை மாட்டி மேசையிலிருந்து தூக்கிக் காட்ட வேண்டும். விசை சொடுக்கிவிட்டால் ஆட்டமில்லை. ஊருக்கு இருந்தது ஒரே கட்டி. ஆதலின் ஆர்லன் ஏனையோர் முடிக்கும்வரை வெர்னா பிடித்த கயிற்றில் பட்டம்போல் நின்றார். தம் முறை வந்ததும் கட்டியைத் தூக்கினார். விசை அசையவில்லை. கட்டியைத் தாங்கிய விசை, ஆர்லனையும் பூமியில் நிறுத்திக்கொண்டது. கூட்டம் தொப்பிகளை வீசியது. அவற்றுள் இரண்டு கீழே வரவில்லை.

அவ்வாண்டும் இரண்டாமிடமே. அறிவித்தபோது அவர் கவனிக்கவில்லை.

“இந்தக் கயிற விடாம புடிச்சுக்குவியா, வெர்னா?”

“எத்தன நாளைக்கு?”

“கோப்பையோட முடியுற விஷயமில்ல.”

“சரி. ஆனா இனிமே அரத்தைத் தொடக்கூடாது.”

நவம்பரில் திருமணம் நடந்தது. ஆண்டுதோறும் போட்டியன்று டுவெயின் வந்து கட்டியை வாங்கிச் செல்கிறார். அந்த ஒரு முற்பகலில் ஆர்லன் பட்டறைக் கூரையில் ஒட்டடை அடித்துப் பல்புகளை மாற்றுகிறார். வீட்டிலோ சுருள்வில் இன்னும் இறங்கவில்லை. அது விளக்கைச் சுற்றி வருமிடத்தில் சூப்புக் கிண்ணங்களை மூடி வைப்பது அவ்வீட்டு வழக்கம்.