சோழகக் காற்றும் ஒரு பந்தும்

கற்பிட்டியில் பேஸ்போல் என்று சொன்னால், "நம்ம எல்லே விளையாட்டுத்தானே?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். அர்கம் அந்தக் கதையைத் திருத்தித் திருத்தியே களைத்துப் போயிருந்தான். உயர்தரம் படிக்கிற அவன்தான் பாடசாலை அணியில் பந்தெறிபவன். கடலோர மைதானத்தில் அவன் எறிகிற பந்து நேரே வந்து, மட்டையை நெருங்கும்போது ஒரு முழம் விலகிப் போகும். மட்டைக்காரன் வெறும் காற்றை வெட்டிவிட்டு முழிப்பான். பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கும் ஜெயந்தன், "மச்சான், உன்ர கையில பேய் இருக்குடா" என்று கூவுவான்.

அந்தப் பேயை நம்பித்தான் ஆவணியில் குருநாகலுக்குப் போட்டிக்குப் போனார்கள். மைதானத்தைச் சுற்றித் தென்னை மரங்கள். ஓர் ஓலைகூட அசையவில்லை. அர்கமின் பந்துகள் அடக்கமான பிள்ளைகளைப் போல நேரே போய் நின்றன. ஆறாம் இலக்கச் சட்டை போட்ட நெட்டையன் ஒருவன் முதல் பந்தையே மதிலுக்கு அப்பால் அனுப்பினான். அடுத்த முறை வந்தபோதும் அதே மதில்தான். ஆட்டம் பாதியில் இருக்கையிலேயே அணிக்குப் பொறுப்பான ஸுல்பிகா டீச்சர் கையைக் காட்டி அர்கமை வெளியே அழைத்துவிட்டார்.

வாப்பா இஸ்ஸதீன் கருவாட்டு வியாபாரி. அன்றிரவு சோற்றைப் பிசைந்தபடியே மகனின் கதையை முழுக்கக் கேட்டார்.

"அங்க காத்து அடிச்சிச்சா?"

"இல்ல வாப்பா. பொட்டுக் காத்துமில்ல."

"அப்ப இவ்வளவு நாளும் பந்து எறிஞ்சது நீயில்ல மகன். நம்ம கடக்கரைச் சோழகக் காத்து!"

உம்மா ஹாஜரா முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அர்கம் பாதிச் சோற்றில் கை கழுவினான். படுக்கையில் புரண்டு புரண்டு யோசித்ததில், வாப்பா சொன்னது உண்மைதான் என்பது உறைத்தது. காலையில் அவர் முன்னால் போய் நின்றான்.

"வாப்பா, கருவாட்டுக் கொட்டிலைக் கொஞ்சம் தாங்க."

"என்னத்துக்கு?"

"அங்கதான் காத்து நுழையாது."

வாப்பா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு மூட்டை கிழிஞ்சாலும் நீதான் தைக்கணும், வெளங்குதா?"

விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டு நேரே கொட்டிலுக்கு ஓடுவது அன்றிலிருந்து வழக்கமானது. அவனும் ஜெயந்தனும் மூட்டைகளைச் சுவரோரம் அடுக்கி நடுவே வழி விட்டார்கள். நீளம் போதாமல், ஜெயந்தன் பின்கதவுக்கு வெளியே, மதில் மறைவில் குந்தினான். கட்டாக் கருவாட்டு வாசனையில் முதல் கிழமை அவனுக்குச் சாப்பாடே இறங்கவில்லை. கைப்பேசியை ஒரு பெட்டிமேல் சாய்த்து வைத்து, எறிவதைப் படம் பிடித்து மெதுவாக ஓட்டிப் பார்த்தார்கள்.

"பந்தை விடேக்க உன்ர விரல் பக்கத்தால வழுக்குது. மேலால உருட்டி விடு" என்றான் ஜெயந்தன்.

உருட்டினால் பந்து கூரைக்குப் போனது. இறுக்கினால் நிலத்தில் குத்தியது. சூடைக் கருவாட்டு மூட்டை ஒன்று கிழிந்தது. அர்கம் கோணூசியும் சணல் நூலுமாக உட்கார்ந்து தைத்தான். நடுவிரலில் கொப்புளம் உடைந்து, தோல் காய்த்தது. ஒரு நாள் காலையில் பந்து நேரே போய், ஜெயந்தனுக்கு முன்னால் திடீரென்று பள்ளத்தில் விழுந்ததுபோல் இறங்கி, அவன் முழங்காலைப் பதம் பார்த்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டே எழும்பித் துள்ளினான் ஜெயந்தன். "இதுதான்டா! இன்னொருக்கா போடு!"

மாசியில் ஒரு சனிக்கிழமை, அதே குருநாகல் மைதானம், அதே அணி. கடைசிச் சுற்றில் கற்பிட்டி ஒரேயொரு ஓட்டத்தால் முன்னுக்கு நின்றது. மூன்றாவது தளத்தில் எதிரணிக்காரன் ஒருவன் ஓடுவதற்குத் தயாராக நின்றான். இன்னும் ஓர் ஆள் அவுட் ஆனால் போதும். மட்டையோடு வந்தவன் ஆறாம் இலக்கக்காரன். அர்கமைக் கண்டதும் மதிலைப் பார்த்துச் சிரித்தான்.

முதல் பந்துக்கு நெட்டையன் மட்டையை வீணாக வீசினான். இரண்டாவதை விளிம்பில் தட்டி வெளியே அனுப்பினான். மூன்றாவதும் தவறினால் அவுட். அர்கம் பந்தின் தையலை விரலால் தடவி, பிஸ்மி சொல்லி எறிந்தான். இடுப்புயரத்தில் வந்த பந்தை நெட்டையன் முழுப் பலத்தோடு விளாசினான். மட்டைக்குக் கீழே நழுவி, அது ஜெயந்தனின் கையுறைக்குள் பொத்தென்று விழுந்தது.

கூச்சல் அடங்கியபின் நெட்டையன் வந்து கைகொடுத்தான். "நியமாய் மல்லி" என்று சிங்களத்தில் பாராட்டியவன், பந்தை வாங்கி மூக்கருகே கொண்டுபோய் முகத்தைச் சுளித்தான். "கரவலத?"

"கருவாடுதான்" என்றான் அர்கம் பெருமையாக.

பின்னேரம் நடந்த அடுத்த ஆட்டத்தில் தோற்றுவிட்டார்கள். ஆனாலும் திரும்பி வரும் பஸ்ஸில் பாட்டு நிற்கவில்லை. பாலாவி தாண்டும்போது, தூங்கி விழுந்துகொண்டிருந்த ஜெயந்தனை அர்கம் இடித்தான்.

"மச்சான், மத்தப் பக்கம் திரும்புற பந்தொண்டும் இருக்காம். நாளைக்கு விடிய வாறியா?"

"நாளைக்கு ஞாயிறடா. சேர்ச்சில பூசை இருக்கு."

"அப்ப?"

ஜெயந்தன் கண்ணைத் திறக்காமலே சொன்னான்: "பூசை முடிய வாறன்."