ஆறு மணிக்கு யார் வீட்டுக்கும் போகாதீர்கள்

ஆம்ஸ்டர்டாமில் என் வீட்டு மாடியில் மூன்று அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறேன். வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்விகளைக் கேட்டு உயிரை எடுத்ததால், பதில்களை ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு கதவிலும் ஒட்டிவிட்டேன். சைக்கிள் பாதையில் நின்று படம் எடுக்காதீர்கள். இடித்தால் திட்டும் உங்களுக்குத்தான். ரயில் ஏறும்போது பயண அட்டையை நிலையக் கருவியில் தட்டியதுபோல இறங்கியதும் தட்டுங்கள், இல்லாவிட்டால் காசு கூடப் போகும். கடைசியாக ஒன்று: சொல்லாமல் யார் வீட்டுக்கும் போகாதீர்கள், அதுவும் மாலை ஆறு மணிக்கு. அது இங்கே இரவுச் சாப்பாட்டு நேரம், ஆளுக்கு இத்தனை என்று எண்ணித்தான் உருளைக்கிழங்கு வேகவைப்போம்.

லிஸ்பனிலிருந்து வந்திருந்த ஃபிலோமினா அம்மாள் அதைப் படித்துவிட்டுக் காலைக் காப்பியோடு என் எதிரே உட்கார்ந்தார்.

“கூடப் பிறந்தவங்க வீட்டுக்குமா, வீபே?”

“ஆமா. டைரியைப் பார்த்து நாள் குறிச்சுட்டுத்தான்.”

“நல்லா இருக்கு போங்க. அழுகை வந்தா என்ன பண்ணுவீங்க? அதுக்கும் நாள் குறிப்பீங்களா?”

சுருக்கென்றது. “காப்பி ஆறுது, குடிங்க” என்றேன்.

மார்ச் மாதம் என் தம்பி யெல்லே இதே வாசலில் மழையில் நின்றான். பக்கத்து ஊரான ஹார்லெமிலிருந்து சொல்லாமல் வந்திருந்தான். அன்று ஜன்னலுக்கு வண்ணம் பூச வேண்டும் என்று என் டைரியில் இருந்தது. பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டே, “இன்னிக்கு முடியாதுடா, பதினாலாம் தேதி வாயேன்” என்றேன். “சரிண்ணே” என்று திரும்பிவிட்டான். அன்று காலையில்தான் அவன் மனைவி அவனை விட்டுப் போயிருக்கிறாள். வேறு யாரோ சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. பதினாலாம் தேதி அவன் வரவில்லை, போனும் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. செய்தால் அவனும் ஒரு தேதி சொல்லிவிடுவானோ என்று பயம். ஐந்து மாதம் இப்படியே ஓடிவிட்டது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

இதையெல்லாம் அந்த அம்மாளிடம் எப்படிக் கொட்டினேன் என்று தெரியவில்லை. கேட்டுவிட்டு, “என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது?” என்று எழுந்து போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. மதியம் முழுக்க இருந்தது. பிறகு ரயில் ஏறினேன்.

ஹார்லெமில் இறங்கிப் பாதித் தெரு நடந்த பிறகுதான் அட்டையைத் தட்டவில்லை என்று உறைத்தது. போய்த் தொலையட்டும் என்று விட்டுவிட்டேன். யெல்லே வீட்டு வாசலில் நின்றபோது தேவாலய மணி ஆறு அடித்தது. உள்ளே கிழங்கு வேகும் வாசனை. ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. மணியை அழுத்தினேன்.

முள்கரண்டியோடு கதவைத் திறந்தான். இளைத்திருந்தான்.

“டைரியில உங்க பேரைக் காணோமேண்ணே.”

“சொல்லாமத்தான் வந்தேன். அன்னிக்கு உன்னை உள்ள கூப்பிட்டிருக்கணும்டா. தப்பு என்னுது.”

கதவை அகலத் திறந்து வழிவிட்டான்.

மேஜையில் ஒரே ஒரு தட்டு இருந்தது. இன்னொன்றை எடுத்து வைத்து, என் தட்டில் மூன்று கிழங்கு போட்டான். தன் தட்டிலும் மூன்று.

“நான் வருவேன்னு தெரியுமா?” என்றேன்.

“தெரியாது. அவ போயும் கை ரெண்டு பேருக்குத்தான் எண்ணுது. தினமும் மூணு குப்பைக்குப் போகுது.”

கிழங்கில் உப்பே இல்லை. மூன்றையும் சாப்பிட்டேன்.